பாலத்தடியில் கிடந்தவன்

துறைமுகத்தில் மூட்டை தூக்கித் தூக்கி மதார் சாகிப்பின் தோள் இறங்கிவிட்டது. அந்த வேலையை விட்ட பிறகு, தண்டையார்பேட்டைப் பள்ளிவாசல் அறக்கட்டளையின் வண்டியில் சேர்ந்தார். தெருவோரம் கேட்பாரற்று இறந்தவர்கள் எந்த மதமானாலும் எடுத்துப்போய்க் குளிப்பாட்டி, மரியாதையாக அடக்கம் செய்வதற்கான வண்டி அது. ஓட்டுகிறவன் பாஸ்கர், காசிமேட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை. வண்டி தெருவில் திரும்பினாலே சிலர் ஒதுங்கிக்கொள்வார்கள். அது மதாருக்குப் பழகிப்போனது. சாவதற்குக் கொஞ்சம் முன்னாடி யாராவது இந்த ஆட்களைப் பார்த்திருக்கக் கூடாதா என்ற நினைப்புதான் ஒவ்வொரு தடவையும் வரும்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, திருவொற்றியூர்ப் பக்கம் பாலத்தடியில் ஓர் ஆள் செத்துக் கிடப்பதாகப் போன் வந்தது. போனார்கள். ஈரச் சாக்கின்மேல் தாடி மண்டிய இளைஞன் ஒருவன் சுருண்டு கிடந்தான். ஜனங்கள் தள்ளி நின்றார்கள். மதார் வெள்ளைத் துணியை விரித்துவிட்டு அவன் காலைப் பிடித்தார். கால்விரல்கள் மெல்ல மடங்கின.

"பாஸ்கரு, துணிய எடுத்து உள்ள வை. உசுரு கீது."

"இன்னா பாய் சொல்றே?"

"தலைப்பக்கம் புடி. அப்பால பேசலாம்."

ஆஸ்பத்திரி வரைக்கும் அவன் தலையைத் தன் மடியில் வைத்து, மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்தபடியே வந்தார் மதார். காய்ச்சலும் பட்டினியும்தான், பிழைத்துக்கொள்வான் என்றார் டாக்டர். மதார் வராந்தாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கண் விழித்ததும் அவன் பெயர் சுரேன் என்று தெரிந்தது. துறைமுகத்து லாரிக்காரர்களிடம் கற்றுக்கொண்ட இந்தியில் மதார் மீதியைக் கேட்டறிந்தார். ஜார்கண்ட்டிலிருந்து எண்ணூருக்குக் கூலி வேலைக்கு வந்தவன், காய்ச்சல் கண்டதும் மேஸ்திரி வெளியே அனுப்பிவிட்டான், போனும் தொலைந்தது. அறக்கட்டளை விடுதியில் அவனுக்கு இடம் கொடுத்தார்கள். மதாரின் மனைவி மலிகா தினமும் கஞ்சி கொண்டுபோனாள். ஊர்ப்பெயரை வைத்துத் தேடி, ஒருவழியாக அவன் அண்ணனைப் பிடித்தார்கள்.

அண்ணன் வந்தான். இருவரையும் அதே வண்டியில்தான் ரயிலடிக்கு அழைத்துப்போனார்கள். முன்சீட்டில் சுரேன் சன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தான். இது எதற்கான வண்டி என்று, விடுதியில் பழகிய அரைகுறைத் தமிழில் கேட்டான். மதார் வாயைத் திறப்பதற்குள் பாஸ்கர் முந்திக்கொண்டான்.

"பள்ளிவாசல் வண்டிப்பா. ஆளுங்கள இட்டுகினு போவும்."

ரயில் கிளம்பியது. சுரேன் கதவருகே நின்று கையாட்டினான். மதார் ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, ரயில் கண்ணுக்கு மறையும்வரை மறுகையை ஆட்டினார்.

"வா, டீ சாப்டலாம்" என்றார் பாஸ்கரிடம். "பன்னும் சொல்லு. பசிக்குது."