நேரம் எழுதாத நோட்டு

நடந்தது இந்த வரிசையில்:

1. ஒரு காலையில் கண் இமைகள் வீங்கியிருந்தன. பத்து மணிக்குள் வடிந்துவிட்டது.
2. மூன்றாம் நாள் மாலை செருப்பைக் கழற்றினேன். வார் பதிந்த பள்ளம் காலில் அப்படியே நின்றது.
3. சிறுநீரில் நுரை. தண்ணீர் ஊற்றியும் அடங்கவில்லை.
4. பேருந்து நிலையத்து எடை மெஷினில் ஒரே வாரத்தில் நான்கு கிலோ கூடியிருந்தேன். அட்டையின் பின்பக்கம் ‘உழைப்புக்கு உயர்வு உண்டு’ என்றிருந்தது.
5. எட்டாம் நாள், நோயாளிகளின் சிறுநீர் இருந்த பதினொரு டெஸ்ட் ட்யூபுகளுக்கு அடுத்து என்னுடையதையும் வைத்துக் காய்ச்சினேன். அவித்த முட்டையின் வெள்ளைபோல் உறைந்தது.

எழுபத்தெட்டில் நாமக்கல்லில் ஒரு டாக்டரிடம் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். வயது இருபத்து நான்கு. புதுச்சத்திரத்துப் பக்கம் ஊர். அப்பா இல்லை; அம்மாவும் நானும்தான். ட்யூபை டாக்டரிடம் காட்டினேன்.

“யாரோடது?”

“என்னோடதுங்க டாக்டர்.”

அவர் முதலில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து இதயத்தைக் கேட்டார். இதயம் தளர்ந்தாலும் கால் வீங்கும். பிறகு முதுகில் வைத்து நுரையீரலைக் கேட்டார். இரண்டும் சரியாக இருந்தன. மிச்சம் சிறுநீரகம்.

எங்கள் பக்கத்து ஜவ்வரிசி ஆலையில் கிழங்குப் பாலை வடிகட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பால் இறங்கும், சக்கையான திப்பி மேலேயே நிற்கும். சிறுநீரகமும் அப்படி ஒரு சல்லடைதான். கழிவும் தண்ணீரும் இறங்க வேண்டும். ஆல்புமின் (இரத்தத்தில் உள்ள புரதம்) மேலே நிற்க வேண்டும். என் சல்லடையில் கண் பெரிதாகிவிட்டது. இரத்தத்தில் தண்ணீரைப் பிடித்து வைப்பது ஆல்புமின். அது வெளியேறினால் தண்ணீர் இரத்தக் குழாயை விட்டுக் கசிந்து சதைக்குள் தேங்கும். இந்த நோய்க்கு நெஃப்ரோடிக் சின்ட்ரோம் (புரதம் ஒழுகும் சிறுநீரக நோய்) என்று பெயர்.

பிரட்னிசலோன் (ஸ்டீராய்டு மாத்திரை), நீர் பிரிய ஒரு மாத்திரை, உப்பில்லாச் சோறு. தினமும் சோதனை. புரதம் நின்றால் மாத்திரையை மெல்லக் குறைக்கலாம். நிற்காவிட்டால் மெட்ராஸ் போய் சிறுநீரகத்தில் ஊசியிட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். “காலை எழுந்ததும் முதல் சிறுநீர். அதை எல்லாருக்கும் சொல்ற ஆளே நீதான்” என்றார் டாக்டர்.

முதல் சிறுநீர் இரவெல்லாம் தேங்கியது, கெட்டியானது. பகலில் தண்ணீர் குடித்தபின் எடுத்தால் நீர்த்திருக்கும். புரதம் குறைவாகத் தெரியும். மத்தியானப் பாட்டிலோடு வந்த லாரி டிரைவர்களை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஆனால் எங்கள் வீட்டில் கழிப்பறை கிடையாது. விடியுமுன் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஓடைப் பக்கம் போவோம். எனக்குப் பேச்சுத் துணை கிடைத்த நேரம் அது ஒன்றுதான். அந்தக் கூட்டத்தில் பாட்டிலோடு எப்படிப் போவது? என் கல்யாணப் பேச்சும் அந்தப் பெண்கள் மூலமாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

அதனால் மத்தியானம் மருத்துவமனையில் எடுத்தேன். அதற்கு முன் நான்கு டம்ளர் தண்ணீர் குடித்தேன். தாகம் என்று சொல்லிக்கொண்டேன். வீட்டில் எதுவும் சொல்லவில்லை. சோறு உப்பில்லாமல் கேட்டது அம்மாவுக்குக் கோபம். “என்ற கைப்பக்குவம் புடிக்கலைன்னா நேராச் சொல்லு சாமி” என்று தட்டை நகர்த்தி வைத்தார். நான் தட்டை இழுத்துச் சாப்பிட்டேன்.

நோட்டில் நாள், எடை, முடிவு என்று மூன்று கட்டம் போட்டிருந்தேன். மூன்றாம் வாரம் ‘சொற்பம்’ என்றும், பிறகு ‘இல்லை’ என்றும் எழுதினேன். நீர் பிரியும் மாத்திரையில் வீக்கமும் வடிந்திருந்தது. டாக்டர் நோட்டைப் பார்த்து மாத்திரையைக் குறைத்தார்.

பத்து நாளில் தொடைவரை வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. டாக்டர் மறுபடி முதுகில் வைத்துக் கேட்டார். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. நோட்டை வாங்கிப் புரட்டினார்.

“நேரம் எங்கே எழுதியிருக்கே?”

“எழுதலைங்க.”

“எப்போ எடுத்தே?”

“மத்தியானங்க.”

“வேற யாராச்சும் அப்படிக் கொண்டுவந்தா வாங்கியிருப்பியா?”

“மாட்டேங்க.”

டாக்டர் நோட்டை மூடினார். பழைய அளவுக்கே மாத்திரையை ஏற்றி எழுதிவிட்டு, ஸ்பிரிட் விளக்கும் நான்கு ட்யூபுகளும் வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னார். விளக்கை எதற்கென்று சொல்லாமல் வீட்டில் வைக்க முடியாது. அன்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா என் காலை அமுக்கிப் பார்த்தார். குழி விழுந்தது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

“ஊரே மாட்டுக் கோமியத்தப் புடிச்சு ஊட்டுக்குள்ள தெளிக்குது. நீ உன்ற மூத்திரத்துக்கு வெக்கப்பட்டு உசுர உடப் பாத்தியா?”

மறுநாள் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் எனக்கென்று தென்னங்கீற்றுத் தடுப்பு ஒன்று வந்துவிட்டது.

முதல் காலை, முதல் சிறுநீர். காய்ச்சினேன். வெள்ளையாகக் கலங்கியது. அமிலம் நான்கு சொட்டு விட்டேன். சாதாரண உப்புப் படிவமாக இருந்தால் அமிலத்தில் கரைந்து தெளியும், புரதம் கரையாது. கரையவில்லை. நோட்டில் நான்காவது கட்டம் போட்டு நேரம் எழுதினேன்.

அம்மா தினமும் எட்டிப் பார்ப்பார். “என்னுங்க டாக்டரம்மா, இன்னைக்கும் மோராட்டந்தான் இருக்குதா?” சோறு அவருக்கும் உப்பில்லாமல்தான் வெந்தது. ஐந்தாம் வாரம் ஒருநாள் அவரே ட்யூபை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். “தண்ணியாட்டம் இருக்குது சாமி.” அமிலம் விட்டும் பார்த்தேன். தண்ணீர்தான்.

இதே நோய் வந்தவர்களுக்கு ஒன்று சொல்வேன். சோதனை முடிவோடு நேரத்தையும் எழுதுங்கள். எழுதக் கூசினால், ஏன் கூசுகிறது என்று யாரிடமாவது சொல்லுங்கள்.

ஓடைக்கு நான் பிறகு போகவில்லை. முதல் வாரம் பக்கத்து வீட்டுச் சரசு வேலிக்கு அப்பாலிருந்து கூப்பிட்டாள்: “வர்லியா புள்ள?” “நீங்க போங்க” என்றேன். அடுத்த வாரம் கூப்பிடவில்லை. கல்யாணப் பேச்சும் நின்றது. யார் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. இப்போதும் விளக்கைப் பற்றவைக்கும்போது அந்தப் பெண்கள் சிரித்துக்கொண்டு ஓடைக்குப் போவது கேட்கும். ட்யூப் கொதித்துத் தெளியும்வரை எனக்கு நாள் தொடங்குவதில்லை.

இன்றைய நிலை, எண்பதாம் ஆண்டு: மாத்திரை நின்று பதினான்கு மாதம். எடை நாற்பத்தாறு கிலோ. உப்பு பாதி. நோய் திரும்பாது என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்று காலை ஐந்து இருபது, முதல் சிறுநீர், புரதம் இல்லை.