மூச்சை விடத் தெரியாதவர்

கழுத்துக்குத் தைலம் பூசப் போனபோதுதான் எனக்குப் பயம் பிடித்தது. என் கணவரின் தோலுக்குக் கீழே ஏதோ அப்பளத்தை அழுத்தினாற்போல நொறுநொறுத்தது. குரலும் மாறியிருந்தது. "கடலுக்குள்ள கொஞ்சம் மூச்சு முட்டிப்போச்சு, படுத்தாச் சரியாகும்" என்றார். நான் படுக்க விடவில்லை. எங்கள் ஊரான சல்லியிலிருந்து திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் கொண்டுபோனேன்.

இதே நிலையில் ஒரு கட்டிலருகே உட்கார்ந்திருக்கும் யாருக்காவது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அவர் சங்கு குளிப்பவர். சிறுவயதில் வெறும் மூச்சை அடக்கிப் பழகிய தொழில். முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டது பிறகுதான். அன்று ஆழத்தில் இருக்கும்போதே சிலிண்டரில் காற்று தீர்ந்துவிட்டது.

டொக்டர் கிண்ணியா ஊர்ப் பெண், பொறுமைசாலி. "மேல வரேக்க மூச்சை விட்டுக்கொண்டு வந்தனீங்களா?" என்று கேட்டார்.

"இல்லை டொக்டர். இறுக்கி அடக்கிக்கொண்டுதான் வந்தனான்." சொல்லும்போது இவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

டொக்டர் தாளில் வரைந்து காட்டினார். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து, கிளைகிளையாக மெலிந்து, காற்றுச் சிற்றறைகளில் (இரத்தம் காற்றை எடுத்துக்கொள்ளும் நுண்ணிய பைகள்) முடிகிறது. வெறும் மூச்சோடு இறங்குகிறவர் மேலிருந்து கொண்டுபோன காற்றையே திரும்பக் கொண்டுவருகிறார். ஆழத்தில் சிலிண்டரிலிருந்து இழுத்த காற்றோ மேலே வர வர விரியும். வெளியே விடாவிட்டால் சிற்றறைகள் கிழியும். இவருக்கு வலப்பக்கம் அப்படிக் கிழிந்து, கசிந்த காற்று நெஞ்சறைக்குள் நிறைந்து நுரையீரலைச் சுருக்கிவிட்டது. அதில் கொஞ்சம் கழுத்துவரை ஏறியதுதான் என் விரலில் தட்டுப்பட்டிருக்கிறது.

விலாவுக்கிடையில் ஒரு குழாயைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர்ப் போத்தலுக்குள் விட்டார்கள். கசியும் காற்று அதில் குமிழியாக வரும். குமிழி நின்றால் கிழிசல் மூடிவிட்டது என்று அர்த்தம். நான்காம் நாளும் நிற்கவில்லை. இன்னும் இரண்டு நாள் பார்த்துவிட்டு, சத்திரசிகிச்சைக்குக் கொழும்புக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள்.

நுரையீரல் தானாக விரிவதில்லை. உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசை) கீழே இறங்கினால்தான் அது விரியும். அதற்காக ஆழமாக மூச்செடுத்து விடச் சொன்னார்கள். இவரோ வலி வந்த உடனே பழக்கதோஷத்தில் அடக்கிவிடுவார்.

"இஞ்சாருங்கோ, இது கடலில்லை. விடுங்கோ."

"ஏலாது. நோகுது."

"நோகட்டும். என்னோட சேர்ந்து விடுங்கோ."

தலையணையை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கக் கொடுத்தேன். நான் இழுக்க அவர் இழுத்தார். நான் விட அவர் விட்டார். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவ்வளவு நேரம் நாங்கள் முகம் பார்த்து இருந்ததில்லை.

ஆறாம் நாள் காலை டொக்டர் இருமச் சொன்னார். போத்தலில் ஒரு குமிழியும் வரவில்லை. எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுதாக விரிந்திருந்தது. மறுநாள் குழாயை எடுக்கும்போது, "இப்ப மட்டும் மூச்சைப் பிடியுங்கோ" என்றார் டொக்டர். இவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். டொக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் சிரிக்கவில்லை. "இனி நீங்கள் கடலுக்கு அடியில போகவே கூடாது. திரும்பக் கிழியலாம்."

"ஓம் டொக்டர்" என்றார் இவர்.

ஊருக்குத் திரும்பும் வழியில் சாம்பல்தீவுப் பாலத்தடியில் ஓட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கினார். தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப நான் இனி ஆர்?" என்று கேட்டார்.

பல்லைக் கடித்து அழுகையை அடக்கப் பார்த்தார், உடம்பு கேட்கவில்லை. வாய்விட்டு அழுதார். அவசரமில்லை என்று ஓட்டோக்காரரிடம் சொல்லிவிட்டு, அவர் முதுகில் இரண்டு கைகளையும் வைத்தேன். வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒன்றாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.