பேர் வெட்டிய கிரைண்டர் கல்

சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு வார்டில் குப்பை தரம் பிரிக்கும் கொட்டகைக்கு ஜெபமணிதான் மேற்பார்வை. மக்குவது உரமாகிவிடும், எரிவது சிமெண்ட் ஆலைக்குப் போய்விடும். எரியாமலும் மக்காமலும் அழிச்சாட்டியம் பண்ணுகிற பீங்கான், ஓடு, கல் இவைதான் அவளுக்கு ஏழரைச் சனி. சர்ச்சுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம்தான், ஆனாலும் சனி விடவில்லை.

வாரம் நூறு கிலோவுக்கு மேல் குப்பைக் கிடங்குக்குப் போனால் அவளையும் கிடங்குக்கே மாற்றிவிடுவதாக மேலதிகாரி சொல்லியிருந்தார். அந்த நாற்றத்தை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்காது. அந்த வாரம் எடை தொண்ணூற்றெட்டில் நின்றது. சனிக்கிழமை காலை பார்த்தால், கொட்டகை வாசலில் ஒரு கிரைண்டர் கல். மோட்டாரைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டு, கல்லை மட்டும் யாரோ புண்ணியவான் இங்கே இறக்கியிருந்தான். பதினெட்டு கிலோ.

புரட்டிப் பார்த்தாள். அடியில் உளியால் வெட்டியிருந்தது: 'தெய்வாத்தாள், நான்காவது வீதி.' அப்பாடா, ஆள் அகப்பட்டது. தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு நேரே போனாள்.

"ஏனுங்க அம்மணி, உங்க கல்லு எங்ககிட்ட வந்துபோட்டுதுங்க. செடித்தொட்டிக்கு அடியில வெச்சாலும் சரி, குப்பைக்கு மட்டும் வேண்டாமுங்க."

தெய்வாத்தாள் கல்லையே பார்த்தாள். "இது எங்கூட்டுக் கல்லு இல்லீங்க. எங்கண்ணன் மக பிரத்யுஷா கல்யாணத்துக்கு நாஞ் செஞ்ச சீருங்க."

ஜெபமணி தலையில் அடித்துக்கொண்டாள். சீர்ப் பாத்திரத்தில் கொடுத்தவர் பேரைத்தானே வெட்டுவார்கள்! பால்குடி நாளிலிருந்து பார்த்த சங்கதி. எடைப் பயத்தில் புத்தி மேயப் போய்விட்டது.

தெய்வாத்தாள் சண்டை போடவில்லை. கொங்கு மரியாதை சண்டையைவிடப் பொல்லாதது. அதே வண்டியைத் தள்ளிக்கொண்டு அண்ணன் மகள் வீட்டுக்குப் போனாள்.

"ஏங் கண்ணு, அத்தை செஞ்ச சீரு ரொம்பக் கனமா இருந்துச்சுங்களா?"

பிரத்யுஷா கல்லை இரண்டு கையாலும் வாங்கி, கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது.

பொழுது சாய்வதற்குள் வார்டு முழுக்கச் சேதி பரவியது: எதைப் போட்டாலும் ஜெபமணி அதைக் கொடுத்தவர் வீட்டிலேயே கொண்டுபோய் இறக்கிவிடுவாள். சீராக வந்த பீங்கானும் கண்ணாடியும் பரண்மேல் ஏறிப் பத்திரமாக உட்கார்ந்துகொண்டன. அடுத்த வாரம் கிடங்குக்குப் போனது முப்பத்தொரு கிலோ. மாற்றல் பேச்சே இல்லை. மேலதிகாரி மனம் குளிர்ந்து ஒரு பீங்கான் மயிலைப் பரிசாகக் கொடுத்தார்.

வீட்டில் அதைப் பிரித்ததும் கணவர் தேவானந்தம் முகத்தைச் சுளித்தார். "மயிலா இது? நனைஞ்ச கோழியாட்ட இருக்குது. போட்டுறலாம் அம்மணி."

ஜெபமணி மயிலைப் புரட்டிப் பார்த்தாள். அடியில் அதிகாரியின் பேர், பதவியோடு.

துடைத்து, அலமாரியில் முன்வரிசையில் வைத்தாள்.