அண்ணன் தொட்டுக் காட்டிய படம்

கொக்கேனை விட்டுவிட்டு எச்.ஐ.வி.க்கு மருந்து சாப்பிட்டுவரும் எனக்கு, இரண்டும் என் மூளையை என்ன செய்திருக்கும் என்று அறிய ஆசை. பினாங்கில் ஓர் ஆய்வுக்கு ஸ்கேன் எடுக்கப் போனேன். ஒப்பிட்டுப் பார்க்க, பழக்கமும் நோயும் இல்லாதவர்களும் தேவைப்பட்டார்கள். என் பழக்கமும் நோயும் தெரிந்ததும் என்னோடு பேச்சை நிறுத்திய அண்ணன், அதைக் கேள்விப்பட்டுத் தானாகவே வந்தார்.

எங்கள் சம்மதத்தோடு, ஸ்கேன் எடுத்த பெண் இரண்டு படங்களையும் திரையில் காட்டினார்.

"கெட்டுப்போனது இதுதானே?" அண்ணன் ஒன்றைத் தொட்டார்.

"அது உங்களோடதுலா அண்ணே! கண்ணால பார்த்தா தெரியாது. கம்ப்யூட்டர்ல அளந்து, நிறைய பேரோட ஒப்பிட்டுத்தான் சொல்லணும்," என்றார் அந்தப் பெண்.

அண்ணன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "உள்ள படுத்திருந்தப்ப பயமா இருந்துச்சாடா?" என்றார்.

"சத்தம்தாண்ணே ஜாஸ்தி."

ஆய்வின் முடிவு இன்னும் வரவில்லை. வந்தால் முதலில் அண்ணனிடம்தான் சொல்ல வேண்டும்.