வடக்கில் அக்கா உள்ளவள்

இத்தாலியின் தெற்கே, பலெர்மோவில் வீட்டு வேலைக்கு நின்ற எங்கள் ஆட்களுக்கு ஞாயிறு முழுநாளும் வியாழன் பின்னேரமும்தான் ஓய்வு. வீட்டுக்காரி எவ்வளவு கடுகடுத்த சின்யோராவாக இருந்தாலும் வியாழன் மதியக் கோப்பைகள் கழுவி முடிந்ததும் ஆளை விட்டுவிடுவாள். அதனால் எங்கள் உதைபந்தாட்டமும் வியாழக்கிழமைகளில்தான் நடந்தது. எங்கள் கத்தோலிக்கக் கோவிலுக்குப் பின்னால் ஒரு மண் மைதானம். புல் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. சிரோக்கோ என்கிற புழுதிக்காற்று வீசுகிற நாளில் பந்து எது, தலை எது என்று தெரியாது. நான் மதிலில் குந்தி, என் கணவரின் உடுப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் போய்ச் சேர்ந்தபோது அங்கே நாலு அணிகள். அதற்கு முன் ஊர்வாரியாக விளையாடினார்களாம்: மன்னார் ஒரு பக்கம், யாழ்ப்பாணம் ஒரு பக்கம், தீவார் ஒரு பக்கம். பந்தை விட்டுவிட்டு ஆளை உதைக்கத் தொடங்கியதும் சுவாமியார் தலையிட்டு ஒரு ஒழுங்கு போட்டார். உயிர்த்த ஞாயிறுப் பூசை முடிந்ததும், அந்த வருடம் புதிதாக வந்திறங்கியவர்கள் கோவில் முற்றத்தில் வரிசையாக நிற்கவேண்டும். அணித் தலைவர்கள் முறை வைத்து ஒவ்வொருவராக எடுக்கவேண்டும். போன வருடம் கடைசியாக வந்த அணிக்கு முதல் தெரிவு. ஊர் கேட்கக்கூடாது. வரிசையில் நிற்பவர்கள் தலைமயிரைத் தடவிச் சரிசெய்கிற விதத்தைப் பார்த்து நாங்கள் பெண்கள், பெண் பார்க்க வந்த வீட்டில் நிற்பதுபோல் நிற்கிறார்கள் என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

என் கணவர் பச்சை அணியின் தலைவர். மற்றத் தலைவர்கள் வரிசையில் நிற்பவனின் தொடையைப் பார்ப்பார்கள், எந்தப் பள்ளிக்கூடத்துக்கு விளையாடினாய் என்று கேட்பார்கள். இவர் பக்கத்தில் போய் நின்று, வடக்கில் யார் இருக்கிறார்கள் என்றுதான் கேட்பார். மிலானில் அண்ணன், பொலோஞாவில் மச்சான் என்று ஒருவன் வாய் திறந்தால் அவன் எவ்வளவு வேகமாக ஓடினாலும் இவருக்கு வேண்டாம். அவர் கணக்கில் நியாயம் இருந்தது. பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதி கைக்கு வந்ததும் பொடியள் தொழிற்சாலை வேலை தேடி வடக்கே ரயிலேறிவிடுவார்கள். வருடா வருடம் கோடையில் ஒவ்வொரு அணியும் பாதியாகிவிடும். இவருக்கு வேண்டியது இந்த வருடம் வெல்லுகிற அணியல்ல, எந்த வருடமும் யாரும் லேசாகத் தோற்கடிக்க முடியாத அணி.

ஆகவே எங்கும் யாருமில்லாதவர்களாகப் பார்த்துப் பொறுக்கினார். பலெர்மோவில் எங்கள் அணிக்கு அனாதை டீம் என்று பட்டம். பந்துக்காப்பாளர் ஒரு மொரீசியஸ்காரர். முருகன் படத்தைப் பர்சில் வைத்துக்கொண்டு எங்கள் கோவில் முற்றத்தில் நின்றவர். பத்துத் தமிழ்ச் சொல் தெரிந்தால் பெரிய விஷயம். அவரை யாரும் எடுக்காததால் எங்கள் பங்குக்கு வந்தார். கம்பத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, பந்து வந்தால் “மியா, மியா” என்று இத்தாலியனில் கத்துவார். என்னுடையது, என்னுடையது என்று அர்த்தம். அவர் அப்படிக் கத்தினால் எங்கள் ஆட்கள் ஒதுங்கி நிற்பார்கள், பந்து அவருடைய கையில்தான் வந்து விழும்.

எடுப்பது பாதி வேலைதான். எடுத்தவனைப் போகவிடாமல் வைத்திருப்பது மீதி, அந்த மீதி பெரும்பாலும் என் தலையில் விழுந்தது. நான் கால் முட்டு நோவுள்ள ஒரு விதவைச் சின்யோராவின் வீட்டில் தங்கி வேலை செய்தேன். அவவுக்குப் பட்டணம் முழுக்கச் சொந்தக்காரர். யாருடைய வீட்டுக்கு ஆள் வேண்டும், எந்த வீட்டில் மரியாதையாக நடத்துவார்கள் என்பதெல்லாம் கோப்பி குடிக்கும் நேரத்தில் என் காதில் விழும். நான் அதைக் கணவரிடம் சொல்வேன். இப்படி எங்கள் பின்வரிசைக்காரன் ஒருவனுக்கு நல்ல வீட்டில் வேலை கிடைத்தது. நடுவில் விளையாடியவனுக்குப் பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் அறை. ஒருவனுக்கு என்ன வேண்டுமென்று அவன் சொல்வதற்கு முன்பே கண்டுபிடிக்கவேண்டும், ரயில் டிக்கட் எடுத்த பிறகு கேட்டு என்ன பயன் என்பார் இவர். அதில் அவர் கெட்டிக்காரர். சில வருடங்களில் அனாதை டீம் என்று சிரித்தவர்கள் எங்களோடு மோதுகிற வியாழன் வந்தால் புதன்கிழமையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரிந்தார்கள்.

எங்கள் குடித்தனத்தையும் சொல்லவேண்டும். நான் சின்யோரா வீட்டில், குசினிக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில். அவர் பல்லரோவில் நாலைந்து பொடியளோடு ஒரே அறையில். ஞாயிறு என்றால் பூசை, கூட்டம், விருந்தாளி. வியாழன் என்றால் மட்ச். மட்ச் முடிந்த பிறகுதான் எங்கள் கல்யாண வாழ்க்கை தொடங்கும். கால்சா என்ற பழைய குடியிருப்புக்கு முன்னால் கடற்கரை வீதியில் நடப்போம். கடலைமாப் பொரியல் வைத்த பாண் ஒன்றை வாங்கிப் பாதி பாதியாகச் சாப்பிடுவோம். சப்பாத்தைக் கழற்றி மண்ணைத் தட்டிக்கொண்டே, நான் எத்தனை மணிக்குப் போகவேண்டும் என்று கேட்பார். சின்யோராவின் இரவுச் சாப்பாட்டு நேரம் அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு வியாழனும் கேட்பார். நானும் புதிதாகக் கேட்டதுபோல் பதில் சொல்வேன். எனக்கு அந்தக் கேள்வியில் ஆத்திரம் ஆத்திரமாக வரும். ஆனால் மனுசன் அதைக் கேட்கிறபோது முகம் வாடிப்போயிருக்கும், ஆத்திரத்தைக் காட்ட மனம் வராது.

எங்கள் முன்வரிசையில் ஒரு மன்னார்க்காரன் இருந்தான். கோல் அடிப்பதில் அவனுக்கு இணை அந்த நாலு அணியிலும் இல்லை. அவனை எடுக்கும்போது வடக்கில் ஒருவரும் இல்லை. பிறகு அவனுடைய மச்சான் போய் அங்கே ஒரு தொழிற்சாலையில் சேர்ந்துகொண்டு இவனை வா வா என்று கூப்பிடத் தொடங்கினான். அதோடு மன்னாரில் இருந்த பெண்சாதிக்கு விசா சரிவந்துவிட்டது. அவளை எங்கே கொண்டுவந்து வைப்பது என்று அவனுக்கு யோசனை. வீடு கிடைத்தால் நிற்பான், கிடைக்காவிட்டால் போய்விடுவான்.

அந்த நேரம் பார்த்துக் கால்சாவில், புதுப்பித்த ஒரு பழைய மாளிகையின் போர்த்தினேரியா காலியானது. வாசல் காவலுக்கு இருப்பவருக்கென்று கதவோரத்தில் ஒரு அறையும் குசினியும். புருசனும் பெண்சாதியுமாக வந்து இருக்கவேண்டும். மாளிகைக்காரர் என் சின்யோராவின் ஒன்றுவிட்ட தம்பி. கணவர் கடற்கரையில் நடக்கும்போது, அந்த இடத்தை மன்னார்க்காரனுக்குக் கேட்டுப் பார்க்கச் சொன்னார். அவன் நின்றுவிட்டால் இன்னும் பத்து வருடத்துக்கு எங்களை அசைக்க ஒருவராலும் முடியாது என்றார். நான் ஓம் என்றேன். அவர் கேட்டு நான் எதற்குத்தான் ஓம் சொல்லவில்லை?

சமையலுக்கு ஆட்டிச்சோக்குப் பூக்களின் முள்ளை வெட்டிக்கொண்டிருந்தபோது சின்யோராவிடம் கேட்டேன். கதையை முழுவதும் கேட்டுவிட்டு, தம்பியிடம் சொல்கிறேன், தருவான் என்றா. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தா. உனக்கும் புருசன் இருக்கிறானே பிள்ளை, நீ ஏன் அதை உனக்கென்று கேட்கவில்லை என்றா. பூவின் கறை விரலெல்லாம் கறுப்பாக ஏறியிருந்தது. அதைத் தேய்க்கப் போவதுபோல் குழாயடிக்குப் போய் நின்று அழுதேன். எனக்கு அந்த அறை வேண்டுமாக இருந்தது. அவ்வளவு வேண்டுமாக இருந்தது என்று அந்தக் கேள்வி வரும்வரை எனக்கே தெரியாது.

இன்னொன்றும் இருந்தது. என் அக்கா பொலோஞாப் பக்கம் இருந்தாள். ஒரு பெரிய வீட்டில் சோடியாக வேலைக்கு ஆள் கேட்கிறார்கள், தனி அறை, நீங்கள் இரண்டு பேரும் வந்துவிடுங்கள் என்று தொலைபேசியில் நச்சரித்துக்கொண்டிருந்தாள். அணியை விட்டுவிட்டு இந்த மனுசன் வரமாட்டார் என்று நான் அதை அவரிடம் எடுக்கவேயில்லை. அந்த வாரம் முழுவதும் யோசித்தேன். அவர் வராவிட்டால் நான் மட்டும் போவதா என்றுகூட யோசித்தேன்.

அடுத்த வியாழன் நாங்கள் வென்றோம். மன்னார்க்காரன்தான் கோல் அடித்தான். கடற்கரையில் கணவர் துள்ளாத குறையாக நடந்தார். போர்த்தினேரியா கிடைக்கும் என்று சொன்னேன். அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. சின்யோரா கேட்டதையும் பிறகு சொன்னேன். நடை நின்றது.

“எல்லாரையும் பிடிச்சு வைக்கத் தெரியுது உங்களுக்கு. ஆருக்கு என்ன வேணுமெண்டு அவையள் வாய் திறக்க முன்னமே கண்டுபிடிக்கிறியள்,” என்றேன். “உங்கட கணக்கிலை என்னை எடுத்திருக்கவே கூடாது. எனக்கு வடக்கிலை அக்கா இருக்கிறா.”

அக்கா கூப்பிட்ட கதையையும் கொட்டிவிட்டேன். அவர் பாணை வாங்கினார், பாதியாகப் பிய்த்தார், தன் பாதியையும் என் கையிலேயே தந்தார். அன்றைக்கு மட்டும் எத்தனை மணிக்குப் போகவேண்டும் என்று கேட்கவில்லை. சின்யோராவின் வாசல்வரை வந்துவிட்டு, உடுப்புப் பையை என் கையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். நான் அதைக் கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டு, இனி என்ன நடக்குமோ என்று கிடந்தேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் மன்னார்க்காரனை முற்றத்துக்குக் கூப்பிட்டார். என்னையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார்.

“தம்பி, கால்சாவிலை ஒரு இடம் பாத்தனான். உனக்கெண்டுதான் பாத்தனான்,” என்றார். “ஆனால் அது இவவுக்கு வேணும். எனக்கும் வேணும். நீ மச்சானிட்டைப் போறதெண்டால் போ. நான் மறிக்கமாட்டன்.”

அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். “நல்லது அண்ணை,” என்றான். “இந்த அக்கா மதிலிலை பையோடை இருக்கிறதைப் பாக்க எனக்கே ஒரு மாதிரித்தான் இருந்தது.” அந்தக் கோடையில் அவனும் பெண்சாதியும் வடக்கே போனார்கள். ரயிலடியில் அவனுடைய பெட்டியை என் கணவர்தான் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அடுத்து வந்த காலம் எங்களுக்குச் சொல்லும்படியாக இல்லை. மொரீசியஸ்காரர் தொண்டை வற்ற மியா மியா என்று கத்தியும், முன்னால் கோல் அடிக்க ஆளில்லாமல் கடைசியாக வந்தோம். மற்ற மூன்று அணிகளும் பழைய பட்டத்தைத் தூசு தட்டி எடுத்தன. ஆனால் கடைசியாக வந்ததால் உயிர்த்த ஞாயிறில் முதல் தெரிவு எங்களுக்குத்தான். வரிசையில் நின்றவர்களிடம் இவர் இந்த முறை பெண்சாதி எங்கே, பிள்ளைகள் எங்கே, எப்போது கூப்பிடப் போகிறாய் என்றுதான் கேட்டார். அன்றைக்கு எடுத்தவர்களோடு பச்சை அணி மறுபடியும் எழுந்தது. நாங்கள் அங்கே இருந்த காலம்வரை அது பிறகு கடைசியாக வரவேயில்லை.

எனக்கு அந்த வெற்றிகளைவிட நினைவில் நிற்பது, போர்த்தினேரியா எங்களுக்கே கிடைத்துக் கால்சாவுக்குக் குடிபோன பிறகு வந்த முதல் வியாழன். சின்யோரா வீட்டுக்கு எனக்குப் பதிலாக ஒரு அல்லைப்பிட்டிப் பெண்பிள்ளையைக் கொண்டுபோய் விட்டிருந்தேன். இவர் மட்சுக்குப் போக, மாளிகை வாசலை நான் பார்த்துக்கொண்டேன். குசினியில் சோறு அடுப்பில் இருந்தது. பொழுதுபடுகிற நேரத்தில் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. திறப்பு அவருடைய பையில்தான் இருந்தது. இருந்தாலும் தட்டினார்.

வந்து படியில் குந்தினார். தோற்றுவிட்டோம் என்றார். முகமெல்லாம் புழுதி. ஒரு சப்பாத்தைக் கழற்றி, வழக்கம்போல மண்ணைத் தட்டிக்கொண்டே நிமிராமல் கேட்டார்.

“எத்தினை மணிக்குப் போகவேணும்?”

கேட்ட பிறகுதான் அவருக்கே விளங்கியது. மற்றச் சப்பாத்துக் கயிற்றில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே இருந்தார்.

“நான் ஒரு இடமும் போகேல்லை,” என்றேன். “காலைக் கழுவிப்போட்டு வாங்கோ, சோறு ஆறுது.”