வெளியேறச் சொன்ன பொத்தான்

திருப்பதியில் இப்போது நான் வேலை பார்க்கும் அலுவலகத்துக்குப் போன வாரம் புதுக் கணினி வந்தது. உறையைக் கிழித்ததும் பிளாஸ்டிக் வாசனை. பின்னாலேயே, எந்த மொழி வேண்டும் என்று ஒரு கேள்வி. உடனே அழுத்தாமல் விரலை இழுத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள், மொழியால் சூடு பட்டவன் நான்.

அப்போது சித்தூர் மாங்கூழ் ஆலையில் கணினி வேலை. பருவத்தில் கீபோர்டுகூட மாம்பழமாக மணக்கும். தமிழ்நாட்டு எல்லையோரத்துக் குடிபாலாக்காரன் நான்; வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. தமிழில் சண்டை போடுவேன், ஓரெழுத்துகூட வாசிக்க வராது. இந்த லட்சணத்தில் ஒருநாள் தாய்மொழிப் பாசம் பொங்கி, கணினியின் காட்சி மொழியைத் தமிழுக்கு மாற்றிவிட்டேன். தெலுங்கு எழுத்தை ஜிலேபி என்பார்கள். எனக்குத் தமிழ்தான் ஜிலேபி.

வாசலில் கூழ் ஏற்றிய லாரி ஆரன் அடிக்கிறது. அது வெளியே போக கேட்பாஸ் அச்சடிக்க வேண்டும். திரையில் ஏதோ கேட்டு இரண்டு பொத்தான்கள்; எது அச்சடிக்கும், எது அழிக்கும்? முந்தின மாதம்தான் ஒருவனை மேனேஜர் வேலையை விட்டே அனுப்பியிருந்தார்.

கூழைச் சோதிக்கும் லேபிலிருந்து மெர்சி அக்கா வந்தார். பழைய மிஷன் சபைக் குடும்பம். பைபிளில் தமிழ் எழுத்துக் கற்றவர்.

“இன்னாடா, பேயறஞ்ச மாதிரி குந்திகினு கீற?”

“படிச்சு சொல்லுக்கா, வேலை பூடும்!”

“தமிழுக்கு மாத்துனது நீதானே? படி!”

“பேசத்தான்கா தெரியும்.”

அக்கா சபையில் வேதம் வாசிக்கும் குரலில் ஆரம்பித்தார்: “நேரமும்... மொழியும்...” சொல்லச் சொல்ல அழுத்தினேன். பட்டியலில் ஆங்கிலம் கிடைத்தது. இன்னும் ஒரே பொத்தான். அக்கா அறை அதிர வாசித்தார்:

“வெளியேறு!”

நிமிர்ந்தால் கதவில் மேனேஜர். அவ்வளவுதான் என்று டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

“ஏமய்யா, எக்கட போற? லாரி நிக்குது!” என்றார் மேனேஜர், தெலுங்கு பாதி தமிழ் பாதியாக.

“உன்னை இல்லடா, கம்ப்யூட்டர்ல போட்டுகீறதை படிச்சேன்! அமுக்கு!”

அமுக்கி, வெளியேறி மறுபடி நுழைந்ததும் திரை ஆங்கிலமானது; கேட்பாஸ் அச்சாகி லாரி போயிற்று. அந்த வெட்கத்தில் தினமும் வேலை முடிந்ததும் திரையைத் தமிழாக்கி எழுத்துக் கூட்டினேன். நான் இப்போது எழுதும் இந்தத் தமிழே கணினி கொடுத்த தமிழ்தான். நடுவில் எங்காவது ‘சரி’, ‘ரத்து’ தட்டுப்பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதுக் கணினியில் ஆங்கிலத்தையே அமுக்கினேன். பக்கத்தில் வாசித்துக் காட்ட யாருமில்லை, தேவையும் இல்லை. மெர்சி அக்கா மகளோடு பெங்களூர் போய் வருஷமாகிறது. அதற்குப் பிறகு ஆலையையும் மூடிவிட்டார்கள். கடைசி நாள் அந்தக் கணினி முன்னால் நான் மட்டும். திரை தமிழில் இருந்தது. பொத்தானை நானே வாசித்தேன்: “வெளியேறு.”

அன்றைக்கு அது என்னைத்தான் சொன்னது.