நகர்த்தினீர்களா, நகலெடுத்தீர்களா?

இது கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் எகிப்தில் இருக்கும் மன்சூராவுக்கு வந்து என் வலது ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொள்ளலாம். டீ என் செலவு. எனக்கு வயது அறுபத்தெட்டு. பொய் சொல்லும் அளவுக்கு உடம்பில் தெம்பில்லை.

பதினோரு வருடங்களுக்கு முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை. பட்டப்பகல். பேய் ராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு டயாலிசிஸ் மையத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வியாழன் விடிகாலை அங்கிருந்த பெரிய கணினி படுத்துவிட்டது. அதன் வயிற்றுக்குள் நான்கு மெய்நிகர் கணினிகள் குடியிருந்தன. உடம்பு ஒன்று, உயிர் நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். உயிர்கள் நான்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தன. உடம்பைத் துடைத்து, எல்லாவற்றையும் புதிதாக நிறுவி, உயிர்களை ஒவ்வொன்றாக உள்ளே ஏற்ற வேண்டும். அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ முப்பத்தொரு மணி நேரமாக நடந்துகொண்டிருந்தது. நான் கண்ணை மூடவேயில்லை.

மூன்று ஏறிவிட்டன. நான்காவதில்தான் நோயாளிகளின் பதிவேடு இருந்தது. யார் உடம்பிலிருந்து எவ்வளவு நீர் எடுக்க வேண்டும், யாருக்கு எந்த மருந்து ஆகாது, எல்லாம் அதற்குள்தான்.

நர்ஸ் இன்திஸார் எட்டிப் பார்த்தாள்.

“இன்ஜினியரே, உயிரோட இருக்கீங்களா?”

“நாலாவது ஏறட்டும், சொல்றேன்.”

“நாலு மணிக்குப் பதினேழு பேர் வர்றாங்க. ஏறலேன்னா திருப்பித்தான் அனுப்பணும். ஹாஜி ரிஸ்க்குக்குக் கால் ரெண்டும் பானையாட்டம் வீங்கிக் கிடக்கு. நாளை வரைக்கும் தாங்க மாட்டார்.”

பகல் சரியாக 1:10. டிஸ்க்கின் கிர்ர்... நின்றது. நான்காவதை இயக்கினேன். இடம் மாறிய கணினியை எழுப்பும்போது வழக்கமாக வரும் கேள்வி திரையில் வந்தது.

‘நகர்த்தினீர்களா, நகலெடுத்தீர்களா?’

நகர்த்தினேன் என்றால் பழைய ஆள் பழைய அடையாளத்தோடு எழுந்து வருவான். நகலெடுத்தேன் என்றால் புதிய அடையாளம் கொடுத்துவிடும். முகம் அதே முகம், நினைவு அதே நினைவு. ஆனால் ஆள் வேறு. அக்கம்பக்கத்துக் கணினிகள் ‘நீ யார்?’ என்று கேட்கும்.

நான் அழுத்த வேண்டியது முதலாவதை. தலை ஒருமுறை தொங்கியது. விரல் விழுந்தது...

‘நகலெடுத்தேன்.’

மணி 1:12.

வாசல் கதவில் ‘பீப்’ என்றது. விரல் வைத்தால் திறக்கும் கதவு அது. என் கணினிகளோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. யாரோ வெளியே போனார்கள். செருப்புச் சத்தம். இடது கால் மட்டும் கொஞ்சம் இழுபட்டது.

எனக்கும் இடது கால்தான் இழுக்கும்.

தப்பைத் திருத்தலாம். ஆனால் மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டும். ஐந்து மணி நேரம். ஹாஜியின் கால்களை நினைத்துப் பார்த்தேன். அப்படியே விட்டுவிட்டேன். புது ஆளை மற்ற கணினிகளுக்கு நானே அறிமுகம் செய்துவைத்தேன். பதிவேடு திறந்தது.

1:40. இன்திஸார் மறுபடி வந்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

“நீங்க போகல? ‘வீட்டுல முலுக்கியாக் கீரை சூப் ஆறிடும்’னு இப்பத்தானே சொல்லிட்டுப் போனீங்க?”

“நானா?”

“கொஞ்சம் தூங்குங்க, இன்ஜினியரே.”

2:20. வீட்டுக்கு போன் போட்டேன். என் மனைவி ஆமால் எடுத்தாள். குரல் ரகசியமாக இருந்தது.

“யாரு?”

“நான்தான்.”

“எந்த நான்?”

“ஷௌகி.”

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா விளையாட வேற வீடே கிடைக்கலையா? அவர் இப்பத்தான் சாப்பிட்டுட்டுப் படுத்தார். வைங்க போனை.”

பின்னால் ஒரு சத்தம் கேட்டது.

குறட்டை.

முப்பது வருடமாக அவள் திட்டிக்கொண்டிருந்த குறட்டை. அதை நான் முதன்முறையாகக் கேட்டேன்.

4:00. பதினேழு பேரும் வந்தார்கள். இயந்திரங்கள் ஓடின. ஹாஜி ரிஸ்க் என் கையைப் பிடித்தார். “என்னப்பா, கை இவ்வளவு சில்லுன்னு இருக்கு?” என்றார்.

4:25. கதவில் வலது ஆள்காட்டி விரலை வைத்தேன்.

‘பதிவில் இல்லை.’

துடைத்துவிட்டு வைத்தேன்.

‘பதிவில் இல்லை.’

பத்து விரல்களையும் வைத்தேன்...

இன்திஸார் வந்து திறந்துவிட்டாள்.

5:10. வீடு. கட்டில் காலி. தலையணையைத் தொட்டுப் பார்த்தேன்.

சூடு.

“எப்ப எழுந்து வெளிய போனீங்க?” என்றாள் ஆமால்.

ஒரு வாரம் கழித்துக் கதவுப் பெட்டியின் பதிவை எடுத்துப் பார்த்தேன். ‘ஷௌகி. வியாழன் 6:04, உள்ளே. வெள்ளி 1:12, வெளியே.’ அந்த விரல் திரும்பி உள்ளே வந்ததாக ஒரு வரிகூட இல்லை.

சரி என்று என் விரலைப் புதிதாகப் பதிந்தேன். பெட்டி பெயர் கேட்டது. அடித்தேன்.

‘இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்.’

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் வருவதில்லை. எங்கோ அவன்தான் தூங்கிக்கொண்டிருக்கிறான் போலிருக்கிறது.